வாசலில் ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர்

அத்தியாயம் 14

ஐந்து மாதமாக மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருந்த அக்கா, போன வாரம் தானாகவே ஃபோன் செய்து, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. ஒரு வேலை இருக்கு" என்று சொன்னாள் அல்லவா? என்ன வேலை என்று அவளும் சொல்லவில்லை, சின்னவளும் கேட்கவில்லை. கேட்கப்போய் மறுபடி ஏதாவது முளைத்துவிட்டால் என்ன செய்வது? "சரிக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு, அன்று முழுக்கக் காரணமில்லாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள்.

சண்டை எதற்கு வந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தம்பி வீட்டு விருந்தில் யாரோ, "உங்க தங்கச்சி என்ன பண்றாங்க?" என்று கேட்டார்கள். "தண்ணீர்த்துறையில இன்ஜினியர்" என்று அக்கா அளந்துவிட்டாள். பக்கத்திலேயே தட்டோடு நின்ற சின்னவள் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "இன்ஜினியர் எல்லாம் இல்லீங்க. வீடு வீடாப் போய் மீட்டர் பாக்குற மீட்டர் ரீடர்" என்று அத்தனை பேர் நடுவில் திருத்தினாள்.

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. "என் மானத்தை வாங்கிட்டா" என்றாள் அவள். "என் வேலையைச் சொல்ல அவளுக்கு வெக்கம்" என்றாள் இவள். இரண்டு பேரும் சொன்னது உண்மை. அதனால்தான் சண்டை இத்தனை நாள் நீண்டது.

உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதை இந்த வாரம் சொல்லியாக வேண்டும்.

மீட்டர் ரீடர்களின் தோள்பையில் ஒரு கட்டு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். 'கடிக்கும் நாய். உள்ளே செல்லாதீர்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, கீழே துறையின் முத்திரை. அதை ஒரு வீட்டு கேட்டில் ஒட்டிவிட்டால் ரீடர் அந்த வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. கையிலுள்ள கருவியில் 'நாய்' என்று தட்டினால், பழைய மாதங்களின் சராசரி தானாக வந்து விழும். ரீடர் மட்டுமில்லை, பார்சல்காரர், கேபிள்காரர் என்று அந்த மஞ்சளைப் பார்க்கிற எல்லோருமே கேட்டோடு திரும்பிவிடுவார்கள்.

சண்டை நடந்து அடுத்த சில நாளிலேயே அக்கா வீட்டுத் தெருவில் மீட்டர் பார்க்கும் முறை வந்தது. அக்கா வீட்டில் நாய் உண்டு. பெயர் துரை. கடிக்குமா என்றால், கடிக்கும், வந்தவர்களின் செருப்பை. அதுவும் புதுச் செருப்பாக இருந்தால்தான். ஆனால் சின்னவளுக்கு அன்றைக்கு அக்கா முகத்தில் விழிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. ஒரு ஸ்டிக்கரை உரித்தாள், கேட்டில் ஒட்டினாள், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அதற்கப்புறம் மாதா மாதம் கேட்டைத் தாண்டும்போது 'நாய்' என்று ஒரு தட்டு, அவ்வளவுதான்.

இன்று வெள்ளிக்கிழமை. மறுபடி அதே தெரு.

இந்த முறை அவள் மனம் லேசாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாக வரப்போகிற வீட்டு வாசலில் இந்தக் கர்மம் எதற்கு? உள்ளே போய் ஒழுங்காக மீட்டர் பார்த்து, திரும்பும்போது ஸ்டிக்கரைக் கிழித்துவிடுவது என்று தீர்மானித்தாள். ஒட்டியவர்தான் எடுக்க வேண்டும், எடுத்த காரணத்தையும் பதிய வேண்டும் என்பது விதி. 'நாயைக் கட்டிப் போட்டுவிட்டார்கள்' என்று தட்டிவிட்டால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? போன மாதம்தான் பொய் ஸ்டிக்கர் ஒட்டிய ஒருவரை சூப்பர்வைசர் வேலையை விட்டே தூக்கியிருந்தார். இவளுக்கோ வேலை நிரந்தரம் ஆகப்போகிற நேரம். ஓசைப்படாமல் முடிக்க வேண்டும்.

அக்கா வீட்டில் இல்லை. அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள், காலையிலேயே போய்விடுவாள். அத்தான் வெளியூர் போயிருப்பதாகப் போன வாரம் ஃபோனில் அக்காவே சொல்லியிருந்தாள். கேட்டில் வெறும் கொக்கிதான் மாட்டியிருந்தது. அதைத் தூக்கிவிட்டு, வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் போனாள்.

"துரை! டேய் துரை! யார் வந்திருக்கா பாரு!"

எப்போதும் குரலுக்கு முன்னால் ஓடி வருகிற நாய். சங்கிலிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பின்பக்கம் தண்ணீர்க் குழாய் நிற்கிற மூலையில், சருகுக் குவியலுக்குப் பக்கத்தில், துரை படுத்திருந்தது. முதலில் அவள் வேறு நாய் என்று நினைத்தாள். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கண்ணோரம் பீளை கட்டியிருந்தது. கழுத்துப் பட்டையைச் சுற்றிச் சதை வீங்கி, பட்டை எங்கே முடிகிறது தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவளைப் பார்த்ததும் வால் நுனி மட்டும் மண்ணில் ஒரு முறை அசைந்தது. பாவி, அதற்கு அவளை அடையாளம் தெரிந்திருந்தது.

சங்கிலி ஒரு முழம்கூட இல்லை. குழாயில் கட்டியிருந்தது, நாய் தலையைத் தூக்கினாலே இழுபடுகிற அளவுக்கு. கொஞ்சம் தள்ளி, சரியாக அதற்கு எட்டாத தூரத்தில், ரொட்டித் துண்டுகள் கிடந்தன. ஒன்று இரண்டு இல்லை, ஒரு கூடை இருக்கும். காய்ந்து கல்லானவை, பூஞ்சை பிடித்தவை, நேற்றுப் போட்ட மாதிரி மெதுவானவை.

பட்டினி போடுவது ஒரு பாவம். கண்ணுக்கு எதிரே வைத்து எட்டாமல் கட்டிப் போடுவது என்ன ஜென்மம் செய்கிற வேலை?

ஓடிப்போய்க் குழாயைத் திறந்து, கையில் ஏந்திக் கொடுத்தாள். நாய் படுத்தபடியே நக்கியது. மெதுவான ரொட்டிகளை எடுத்து நனைத்து வாயருகே வைத்தாள். சங்கிலியை அவிழ்க்கலாம் என்று தொட்டால், வீங்கிய கழுத்து இழுபட்டு அது அலறிய அலறலில் இவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். மீட்டர் பார்க்கத்தான் வந்தோம் என்பதே மறந்துபோயிற்று. சருகு மூடிய மீட்டர் குழியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் தன் வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டாள். அவர் தன் சலூனில் நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்துப் பாதிக் கிராப்பில் இருந்தார். கத்தரிச் சத்தம் நிற்காமலே பேசினார்.

"ஞாயித்துக்கிழமை போகத்தானே போறே? அப்பப் பதமாச் சொல்லு. இப்ப எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் அது தாங்காதுங்க."

"அப்போ தூக்கிட்டு டாக்டர்கிட்டப் போ."

"தொட்டாலே கத்துது. சங்கிலியை வெட்டணும். அதுவுமில்லாம, தூக்கிட்டுப் போனா நாயைத் திருடிட்டான்னு சொல்லுவார் உங்க சகலை."

கத்தரி நின்றது. நாற்காலியில் இருந்தவரின் குரல் கேட்டது. "விலங்கு நலத்துறைக்குச் சொல்லச் சொல்லுங்க. அவங்கதான் வருவாங்க." முடிவெட்ட வந்தவருக்கும் குடும்ப விஷயத்தில் ஒரு கருத்து இருந்தது.

"நீங்க தலையை ஆட்டாதீங்க சார்" என்றார் வீட்டுக்காரர். பிறகு இவளிடம், "மொதல்ல உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேளு. அப்புறம் எதுவா இருந்தாலும் செய். நான் இருக்கேன்" என்றார்.

அக்கா இரண்டாவது மணியில் எடுத்தாள். பின்னால் பல் குடைகிற கருவியின் சத்தம்.

"அக்கா, துரையைப் பத்தி..."

"இப்ப பேச முடியாதுடி" என்று அக்கா கிசுகிசுத்தாள். "டாக்டர் பக்கத்துல நிக்கிறார். ஞாயித்துக்கிழமை வருவேல்ல? அப்பப் பேசலாம். வெச்சுடறேன்."

வைத்துவிட்டாள். நாயின் பெயரைக் கேட்டும், என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னவள் ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூடப் பிறந்தவள்தானா இவள் என்று தோன்றியது. பிறகு துணிந்து விலங்கு நலத்துறையின் எண்ணை அழைத்தாள்.

எடுத்தவர் அலுக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முகவரி, நாயின் நிலைமை, சங்கிலி, கழுத்து.

"கேட்டில் எச்சரிக்கை ஏதாவது ஒட்டியிருக்கா?"

"...ம். மஞ்சள் ஸ்டிக்கர்."

"தண்ணீர்த்துறையோடதா? அப்போ கடிக்கிற நாய். அதுக்கு ரெண்டு பேர் குழு வரணும். புதன்கிழமைதான் முடியும்."

"சார், அதால எழுந்து நிக்கவே முடியல. அது யாரைக் கடிக்கப்போகுது?"

"நீங்க சொல்றது புரியுது. ஆனா எங்களுக்கு அந்த ஸ்டிக்கர்தான் கணக்கு. அதை ஒட்டினவங்களே வந்து தப்புன்னு சொன்னாத்தான் உண்டு. ஒண்ணு செய்றேன். பக்கத்துல எங்க அதிகாரி ஒருத்தங்க இருக்காங்க. வெளியிலிருந்து பாத்துட்டுப் போகச் சொல்றேன். உங்க பேரு?"

"தெருவுல இருக்கிற ஒருத்தின்னு போட்டுக்கோங்க."

ஃபோனை வைத்ததும் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. ஒட்டியது நான்தான் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் சொன்னால் வேலை போகும். அக்கா வீட்டின்மேல் புகார் கொடுத்தது யார் என்பதும் ஊருக்கே தெரியும். அதிகாரி நல்லவராக இருந்தால் கேட்டிலிருந்து பார்த்தே உள்ளே வந்துவிடுவார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எதிர்ச்சாரித் தையல்கடையின் கூரைக்கடியில் போய், கருவியைப் பார்ப்பதுபோல் நின்றாள்.

வேன் வந்தது. இறங்கியது ஒரு பெண். வாட்டசாட்டமான உடம்பு, முழங்கால் வரை பூட்ஸ், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே நடக்கிறவர். கேட்டில் எக்கிப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் பின்பக்கம் தெரியாது. ஸ்டிக்கரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, பதிவிலிருந்த எண்ணில் நாயின் சொந்தக்காரரைக் கூப்பிட்டார்.

ஐந்து நிமிடத்தில் அத்தான் வந்து நின்றார்.

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியூர் போனவர் எப்படி ஐந்து நிமிடத்தில் வருவார்? காலில் ரப்பர் செருப்பு, சவரம் செய்யாத முகம். தன் டைல்ஸ் கடையிலிருந்து நேராக வருகிறவர் மாதிரி சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி.

"யாருங்க புகார் கொடுத்தது?" என்றார் அத்தான் எடுத்த எடுப்பில்.

"அதைச் சொல்ல முடியாது சார். ஆனா இந்த வீட்டு நாயைப் பத்தி இது ரெண்டாவது புகார். மூணு வாரம் முன்னாடியே ஒண்ணு வந்திருக்கு. நாயைக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டு வர்றீங்களா? நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்."

அத்தான் சந்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். போகவில்லை. "அது மூர்க்கமான நாய்ங்க. அவுத்துவிட்டா தெருவே ரெண்டுபடும். நல்லாத் தின்னுட்டுத் தடியாட்டம் கிடக்கு. நான் சொன்னா நம்ப வேண்டாம், இதைப் பாருங்க." ஸ்டிக்கரைப் படபடவென்று தட்டினார். "அரசாங்கமே ஒட்டியிருக்கு. சோத்துக்கில்லாத நாய்க்கா இப்படி ஒட்டுவாங்க?"

அதிகாரி கேட்டிலிருந்து ஓரடி பின்வாங்கினார். "தனியா வந்திருக்கேன். ஸ்டிக்கர் இருந்தா நான் உள்ள வரக்கூடாது. போன வருஷம் இப்படிப் போய்த்தான் எங்க ஆளுக்கு மூணு விரல் போச்சு. புதன்கிழமை குழுவோட வர்றோம்."

"தாராளமா வாங்க" என்றார் அத்தான். குரலில் நிம்மதி வழிந்தது. புதன்கிழமைக்குள் அவர் என்ன செய்வார் என்று சின்னவளுக்குத் தெரியாதா? குளிப்பாட்டி நிறுத்துவார். இல்லையென்றால் நாயே இருக்காது.

அதிகாரி வேன் கதவில் கை வைத்தார்.

சின்னவள் தெருவைக் கடந்தாள். எப்படிக் கடந்தாள் என்று பிறகு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. நேராக கேட்டுக்குப் போய், அத்தானின் கைக்குப் பக்கத்தில் நகத்தை வைத்து ஸ்டிக்கரின் மூலையைக் கிளப்பினாள். வெயிலில் ஐந்து மாதம் காய்ந்த பசை. முழுசாக வரவில்லை. கீற்றுக் கீற்றாகக் கிழிந்தது. 'கடிக்கும்' போயிற்று, 'நாய்' நின்றது. நகம் ஒடிந்ததைக்கூடக் கவனிக்காமல் சுரண்டினாள்.

"ஏம்மா, அரசாங்க ஸ்டிக்கரை நீங்க பாட்டுக்குக் கிழிக்கிறீங்க?" என்றார் அதிகாரி.

"நான் ஒட்டினதுதாங்க. தண்ணீர்த்துறை மீட்டர் ரீடர்." கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "பொய்யா ஒட்டினது. இந்த நாய் இதுவரைக்கும் ஒருத்தரையும் கடிச்சதில்ல. உங்களுக்கு ஃபோன் பண்ணதும் நான்தான்."

அத்தான் அவள் பக்கம் திரும்பினார். "நீயா? கூடப் பிறந்தவ வீட்டையே காட்டிக் கொடுத்தியா?"

"நாயைத்தான் அத்தான் காட்டினேன்."

"வேலை போகும், தெரியுமில்ல?"

"தெரியும்."

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கும்மா பொய்யா ஒட்டினீங்க?"

"அக்காகூடச் சண்டைங்க. அவ மூஞ்சியில முழிக்கப் பிடிக்கல."

சொல்லிக் கேட்டபோதுதான் அது எவ்வளவு அற்பமான காரணம் என்று அவளுக்கே உறைத்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "இதை உங்க ஆபீசுக்கு நான் இப்பவே சொல்லியாகணும். மறைச்சா என் வேலையும் சேர்ந்து போகும்."

"சொல்லுங்க. ஆனா மொதல்ல உள்ள வாங்க."

அதிகாரி கேட்டருகிலேயே நின்று தன் அலுவலகத்துக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு, பெரிய கத்தரியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். பின்பக்கம் போனதும் அவர் வாயிலிருந்து ஒரு "ச்சு" மட்டும் வந்தது. மண்டியிட்டார். நாய் அவர் கையை முகர்ந்துவிட்டுத் தலையைக் கீழே போட்டது. "நீயாடா கடிக்கிற நாய்?" என்று கேட்டுக்கொண்டே கழுத்துப் பக்கம் சங்கிலியை நறுக்கினார். பிறகு, மிச்சச் சங்கிலி எங்கே போகிறது என்று பார்க்க, குழாயடியில் குவிந்த சருகை இரண்டு கையாலும் அள்ளி எறிந்தார்.

அடியில் மீட்டர் குழி இருந்தது. மூடி பாதி உடைந்து கிடந்தது. குழிக்குள் குழாயைச் சுற்றி, சுருள் சுருளாகச் சங்கிலி. பத்துப் பன்னிரண்டு சுற்றாவது இருக்கும்.

"யாரும் இதைக் குட்டையாக் கட்டலம்மா" என்றார் அதிகாரி. "நல்ல நீளச் சங்கிலிதான். நாயே குழாயைச் சுத்திச் சுத்தி வந்திருக்கு. சுத்தினது எல்லாம் வழுக்கிக் குழிக்குள்ள இறங்கிடுச்சு. ஒருத்தர் இந்த மூடியைத் தூக்கிப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

அந்த மூடியைத் தூக்கிப் பார்ப்பதற்குத்தான் சின்னவளுக்கு மாதா மாதம் சம்பளம். அப்படியே குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ இந்த ரொட்டி?" என்றாள். "எட்டாத தூரத்துல யாரு போட்டாங்க?"

"நான்தான்டி."

சமையலறை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அக்கா நின்றாள். மருத்துவமனைச் சீருடையைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் விலங்கு வேன் நிற்கிறது என்று தையல்கடையிலிருந்து சொல்லியிருக்கிறார்கள், பாதி வேலையில் ஓடி வந்திருக்கிறாள்.

"இங்கிருந்துதான் வீசுவேன். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. மொதல்ல எட்டிச்சு. அப்புறம் சங்கிலி குறைஞ்சுகிட்டே வந்துச்சு. தூர விழுதுன்னு எனக்குத் தெரியாதா? தண்ணியை ஜன்னல்லேர்ந்து ஊத்துவேன், அது ஓடிப்போய்த் துரை காலடியில தேங்கும், நக்கிக்கும். அதுல உயிரோட இருந்துச்சு." அக்கா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கதவைத் திறந்து ரெண்டடி வெச்சுப் பாத்தேன். முடியலடி."

சின்னவளின் பார்வை தானாக அக்காவின் இடது காலுக்குப் போயிற்று. சுவர் மறைத்தது. ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆடுசதையில் பிறை மாதிரி ஒரு தழும்பு. சின்ன வயசில் இருவரும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு நாய் துரத்த, அக்கா இவளை மதில்மேல் ஏற்றிவிட்டுத் தான் மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அக்கா நாய் இருக்கும் தெருவில் போக மாட்டாள். அத்தான் துரையைக் கொண்டுவந்தபோதுகூடப் பின்கதவைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடுதான் சம்மதித்தாள். உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் தங்கைக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தவள்தான் காலையில் அந்த ரொட்டிகளைப் பார்த்து, என்ன ஜென்மம் என்று கேட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

"யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே அக்கா? பக்கத்து வீடு, தையல்கடை..."

"கூப்பிட்டா, 'வீட்டுக்காரர் எங்கே'ன்னு கேப்பாங்க. அவர் இங்க படுக்க வந்தே ரொம்ப நாளாச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

"அத்தான் வெளியூர்னு..." என்று ஆரம்பித்த சின்னவள் நிறுத்திக்கொண்டாள். திரும்பிப் பார்த்தாள். கேட்டருகில் அத்தான் இல்லை. அவருடைய வண்டியும் இல்லை.

அக்கா அந்தப் பேச்சை மேலே தொடரவில்லை. "இவங்களுக்குத்தான் ஃபோன் பண்ணேன். மூணு வாரம் இருக்கும். பேர் சொல்லல. ஆள் வந்தாங்க, வாசப்பக்க ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன். கேட்டுக்கிட்ட நின்னாங்க, அந்த மஞ்சளைப் பாத்தாங்க, திரும்பிப் போயிட்டாங்க. ஓடிப்போய் நிறுத்தலாம்னா தெருவே பாத்துக்கிட்டிருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "நீதான் ஒட்டினேன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு லீவு, அதே ஜன்னல்லதான் நின்னேன். சரி, அவளையே கூப்பிட்டுடுவோம், அவளுக்குத்தான் நாய்னா பயமில்லையேன்னு நெனச்சேன். கூப்பிட வாய் வர எனக்கு இத்தனை நாள் ஆச்சு. ஞாயித்துக்கிழமை ஒரு வேலைன்னு சொன்னேனே, இதுதான் அந்த வேலை."

அதிகாரி நாயைப் போர்வையில் சுற்றித் தூக்கினார். அத்தனை பெரிய நாய் ஒரு கைக்குழந்தை கனம்தான் இருந்தது. "பொழைக்குமா?" என்று அக்கா ஜன்னலிலிருந்து கேட்டாள்.

"கழுத்துல சீழ் வெச்சிருக்கு. டாக்டர் பாத்துத்தான் சொல்லணும். வீட்டு ஆள் ஒருத்தர் கூட வரணும். மயக்கம் கொடுக்கச் சம்மதிக்கணும். யார் வர்றீங்க?"

"நான் போறேன்" என்று சின்னவள் எழுந்தாள். அதற்குள் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். சூப்பர்வைசர். அதிகாரி சொன்ன நாலு வார்த்தை அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் எடுக்கவில்லை, "எங்க சூப்பர்வைசர்க்கா" என்று ஃபோனை ஜன்னல் பக்கம் காட்டினாள்.

அக்கா அந்த ஃபோனைப் பார்த்தாள். ஜன்னலில் அவள் முகம் மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து வாசல் கதவு திறந்தது.

வேனின் பின்பக்கம் நாயைக் கிடத்தியிருந்தார்கள். எதிரே ஒரு சின்ன பெஞ்ச். தெருவில் அதற்குள் ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. அக்கா படியில் ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். உள்ளே ஏறி, முடிந்த அளவுக்கு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"கடிக்குமாடி?"

"ஸ்டிக்கர்தான் எடுத்தாச்சே" என்றாள் சின்னவள்.

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. துரை தலையைத் தூக்காமல் வால் நுனியை மட்டும் அசைத்தது. அக்கா வெகுநேரம் யோசித்து, ஆள்காட்டி விரலை நீட்டி, போர்வைக்கு வெளியே தெரிந்த அந்த வாலைத் தொட்டாள்.

அதிகாரி ஒரு படிவத்தோடு கதவருகே வந்து, சின்னவளைக் காட்டி அக்காவிடம் கேட்டார். "புகார் கொடுத்தவங்க விவரம் வேணும். இவங்க உங்களுக்கு என்ன உறவு? என்ன வேலை?"

தையல்கடைக்காரர், பக்கத்து வீட்டு அம்மா, எதிர்வீட்டு மாடியில் நின்றவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் வாயைத் திறந்தாள். அக்கா முந்திக்கொண்டாள்.

"என் கூடப் பிறந்த தங்கச்சி" என்றாள், தெருமுனை வரை கேட்கும்படி. "தண்ணீர்த்துறையில மீட்டர் ரீடர்."

வேன் கிளம்பியது. சின்னவள் கையில் கிழிந்த மஞ்சள் கீற்றுகளோடு தெரு நடுவில் நின்றாள். ஃபோன் மறுபடி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, வேன் முனையில் திரும்பும்வரை பார்த்தாள். இன்னும் எத்தனை நாளைக்கு அக்கா சொன்னது உண்மையாக இருக்கும் என்று தெரியவில்லை.

பிறகு ஃபோனை எடுத்து, "சொல்லுங்க சார்" என்றாள். "ஆமா சார். நான்தான் ஒட்டினேன்."